212 மாடிக் கட்டடம்: கணினிக்குள் நகரங்கள் எழுந்த கதை

2020 ஆகஸ்ட் மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ஃபாக்னர் என்ற அமைதியான புறநகர்ப் பகுதியில், 212 மாடிக் கட்டடம் ஒன்று எழுந்து நின்றது. உலகிலேயே உயரமான துபாய் புர்ஜ் கலீஃபாவுக்கே 163 மாடிதான். சுற்றிலும் ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள். நடுவில் பென்சிலை நட்டு வைத்ததுபோல இது மட்டும் மேகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. யாரும் பிளான் அப்ரூவல் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வெளிச்சம் மறைக்கிறது என்று புகார் கொடுக்கவும் இல்லை. கட்டடம் இருந்தது மைக்ரோசாஃப்ட் அந்த மாதம் வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற கணினி விளையாட்டுக்குள்.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்று ஒரு இணைய வரைபடம் இருக்கிறது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. விக்கிப்பீடியாவைப் போல யார் வேண்டுமானாலும் அதில் தகவல் சேர்க்கலாம். தன்னார்வலர் ஒருவர் அந்தக் கட்டடத்துக்கு 2 தளங்கள் என்று போட நினைத்து 212 என்று அடித்துவிட்டார். இன்னொருவர் பின்னர் அதைக் கவனித்துத் திருத்தியும் விட்டார். ஆனால் திருத்துவதற்கு முன்பே வரைபடத்தின் ஒரு பிரதி மைக்ரோசாஃப்டின் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. விளையாட்டு அந்தப் பிரதியை நம்பியது.

ஊரடங்குக் காலம் அது. வீட்டை விட்டு வெளியே போக முடியாத அந்த மாதங்களில் இந்த விளையாட்டை வாங்கிய பலரும் முதலில் செய்த காரியம், தங்கள் சொந்த வீடு அதில் இருக்கிறதா என்று தேடிப் பறந்து பார்த்ததுதான். நம் வீடு அதில் எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ 90 ஆண்டு வரலாறு இருக்கிறது.

ஜன்னல் இல்லாத பெட்டி

முதல் சிமுலேட்டரில் நகரம் கிடையாது. ஜன்னலே கிடையாது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை வைத்தே 1929இல் மகன் ஒரு மரப்பெட்டி விமானம் செய்தார். உள்ளே உட்கார்ந்து கட்டையை அசைத்தால் பெட்டி சாயும், நிமிரும், திரும்பும். முதலில் அதை வாங்கியவர்களில் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்களும் உண்டு, நம் பொருட்காட்சி ராட்டினம் மாதிரி.

1934இல் நிலைமை மாறியது. அமெரிக்க அரசு தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பை ராணுவத்திடம் கொடுத்தது. மூடுபனியிலும் இரவிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத விமானிகள் சில வாரங்களுக்குள் வரிசையாக விபத்தில் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் லிங்கின் பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 10,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் தயாராகிவிட்டன. மேல்மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவருக்கு முள்ளும் கடிகாரமும்தான் தெரியும். வெளியே பார்க்காமல் ஓட்டக் கற்பதே பயிற்சி என்பதால் வெளியுலகம் இல்லாதது குறையாகவும் படவில்லை.

ஆனால் தரையிறங்குவதற்குக் கண் வேண்டும். 1950களிலும் 60களிலும் இதற்குக் கண்டுபிடித்த வழி நம் வீட்டு நவராத்திரி கொலுவின் பூங்காவை நினைவூட்டும். ஒரு பெரிய பலகையில் விமான நிலையம், சாலை, வயல், வீடுகள் எல்லாம் சின்னச் சின்ன பொம்மைகளாகச் செய்து ஒட்டினார்கள். பலகையைச் சுவரோடு நிமிர்த்தி நிறுத்தி, எதிரே பளீரென்று விளக்குகளை ஏற்றினார்கள். விமானி தன் அறையில் கட்டையை அசைக்க அசைக்க, ஒரு தொலைக்காட்சிக் கேமரா அந்தப் பலகையின் மேல் ஊர்ந்து போகும். கேமரா காண்பதை விமானி தன் முன்னால் திரையில் காண்பார். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவில் செய்தால் 3 கிலோமீட்டர் ஓடுபாதைக்கு ஒன்றரை மீட்டர் இடம் போதும். 15 மீட்டர் உயரமுள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு ஏழரை மில்லிமீட்டர், அதாவது ஒரு கொண்டைக்கடலை உயரம் இருக்கும். பலகையின் விளிம்போடு உலகம் முடிந்துவிடும். வேறு ஊரில் இறங்க வேண்டுமானால் வேறு பலகை செய்ய வேண்டும்.

கணினி வந்து அந்தப் பலகைகளை ஓரங்கட்டியபோது அது முதலில் வரைந்தது இரவு நகரத்தை. 1970களின் தொடக்கத்தில் மெக்டானல் டக்ளஸ், ஈவான்ஸ் அண்ட் சதர்லேண்ட் போன்ற நிறுவனங்கள் விமான கம்பெனிகளுக்குச் செய்து கொடுத்த கருவிகளில் ஓடுபாதை விளக்குகளும் ஊரின் தெருவிளக்குகளும் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தன. பகலை வரைய அந்தக் கணினிகளுக்குச் சக்தி போதவில்லை. இரவென்றால் புள்ளிகள் போதும், மிச்சத்தை இருட்டு பார்த்துக்கொள்ளும்.

சிகாகோ ஏன் முதலில்?

வீட்டுக் கணினிக்கு இந்தக் கலையைக் கொண்டுவந்தவர் புரூஸ் ஆர்ட்விக். இலினாய் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர், விமானம் ஓட்டவும் தெரிந்தவர். விமானக் காட்சியைக் கணினித் திரையில் அசையும் படமாக வரைவது பற்றி 1975இல் முதுகலை ஆய்வேடு எழுதினார். பிறகு சப்லாஜிக் என்ற சின்ன கம்பெனி மூலம் ஆப்பிள் 2 கணினிக்கு ஒரு ஃப்ளைட் சிமுலேட்டர் வெளியிட்டார். அதில் உலகம் என்பது நீளவாக்கில் 6, அகலவாக்கில் 6 என்று 36 கட்டங்கள், சில கோடுகளால் ஆன மலைகள். நகரம் என்று சொல்ல எதுவும் இல்லை.

1982 நவம்பரில் இதன் அடுத்த வடிவத்தை மைக்ரோசாஃப்ட் ஐபிஎம் கணினிக்காக வெளியிட்டது. அதில் நான்கு பகுதிகள் இருந்தன: சிகாகோ, சியாட்டில், லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க்–பாஸ்டன். விளையாட்டைத் தொடங்கினால் விமானம் சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு என்ற சிறு விமான நிலையத்தில் நிற்கும். மிச்சிகன் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு திட்டில், வானளாவிய கட்டடங்களுக்குப் பக்கத்தில், ஒற்றை ஓடுபாதை. ஆர்ட்விக்கின் கம்பெனி இருந்த சாம்பெய்ன் நகரம் அதே இலினாய் மாநிலத்தில்தான் இருக்கிறது. தனக்குத் தெரிந்த ஊரிலிருந்து ஒருவர் உலகத்தை வரையத் தொடங்குவது இயல்பு. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஏறத்தாழ எல்லாப் பதிப்புகளிலும் தொடக்க இடம் அதே மெய்க்ஸ்தான். சிகாகோவை நேரில் கண்டிராத லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த ஓடுபாதையும் ஏரியும் மனப்பாடம் ஆயின.

அந்தச் சிகாகோவை இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். பச்சைத் தரை, நீல ஏரி, சாலைக்கு ஒரு கோடு, கட்டடத்துக்கு ஒரு பெட்டி. ஆனாலும் பெட்டி நிற்கும் இடம் சரியாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு ஊரை அடையாளம் காண அதுவே பெருமளவு போதும். நம் ஊரில் வழி சொல்கிறவர் "வாட்டர் டேங்க் வந்ததும் லெஃப்ட் எடுங்க" என்பதில்லையா, அந்த முறைதான்.

பிறகு நகரங்கள் ஃபிளாப்பி டிஸ்க்குகளில் வந்தன. அமெரிக்காவை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து சப்லாஜிக் விற்றது. ஜப்பானுக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும்கூடத் தனித்தனி டிஸ்க் உண்டு. 1993இல் வந்த ஐந்தாம் பதிப்பில் தரையின் மேல் நிஜப் புகைப்படத்தை விரிக்கும் வசதி வந்தது. அப்போது நியூயார்க்கையும் பாரிசையும் மைக்ரோசாஃப்ட் தனித்தனிப் பெட்டிகளில் விற்றது. வாங்க ஆள் இருக்கும் ஊருக்குத்தான் பெட்டி வரும். லாகோஸுக்கோ டாக்காவுக்கோ பெட்டி வரவில்லை. யாரும் வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று நான் நினைக்கவில்லை. கடையில் காசு கொடுத்தவர்கள் எங்கே குடியிருந்தார்களோ அந்த ஊர் முதலில் எழுந்தது, அவ்வளவுதான்.

எல்லா ஊரிலும் அமெரிக்க வீடு

இப்படி ஒவ்வொரு நகரமாகக் கையால் செய்துகொண்டிருந்தால் உலகம் எப்போது முடியும்? 2001இல் வெளிவந்த 'ஃப்ளைட் சிமுலேட்டர் 2002' ஒரு குறுக்குவழி கொண்டுவந்தது. ஆட்டோஜென் என்று பெயர். பூமியை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, இது ஊர், இது வயல், இது காடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். முத்திரைக்கு ஏற்ற ஒரு மாதிரித் தரைப்படத்தை மென்பொருள் அங்கே விரிக்கும். பிறகு அந்தப் படத்தில் குறித்து வைத்த இடங்களில் வீடும் மரமும் தானாக முளைக்கும். முதல் முறையாக உலகம் முழுக்க வீடுகள் வந்தன. ஆனால் எந்த வீடும் யாருடைய வீடும் இல்லை.

இந்த முறையின் விசித்திரத்தை எக்ஸ்-பிளேன் என்ற போட்டி சிமுலேட்டரில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ஆஸ்டின் மேயர் என்பவர் தொடங்கியது. 2011இல் வந்த அதன் பத்தாம் பதிப்பு, ஓபன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து உலகச் சாலைகளை எடுத்துக்கொண்டது. இது பெரிய முன்னேற்றம். நீங்கள் தினமும் போகும் சாலை, அதன் வளைவு, ரயில் பாதையைக் கடக்கும் இடம் எல்லாம் அச்சாகத் திரையில் வந்துவிடும். ஆனால் சாலையின் இருபுறமும் நிற்பவை அமெரிக்கப் புறநகர் வீடுகள். சரிந்த கூரை, முன்னால் புல்வெளி, கார் நிறுத்தப் பக்கவாட்டு ஷெட். உலகின் எந்த மூலைக்குப் போனாலும் அதே வீடு. அடுத்த பதிப்பில் ஐரோப்பிய வீடுகளைச் சேர்த்தார்கள்.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது, விளையாட்டுதானே என்று கேட்கலாம். எனக்கும் கோபம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. தகவல் இல்லாத இடத்தைக் கணினி வெற்றிடமாக விடுவதில்லை, அங்கே வேறு யாருடைய வீட்டையோ கொண்டுவந்து வைக்கிறது. பழைய வரைபடக்காரர்கள் தெரியாத நிலத்தை வெள்ளையாக விட்டார்கள். பார்ப்பவருக்கு "இங்கே தெரியாது" என்று புரிந்தது. ஆட்டோஜென் நகரத்தில் எது தெரிந்தது, எது ஊகம் என்று பிரித்தறியவே முடியாது.

துணிக்கொடிகளுக்கு மேலே

நகரம் சும்மா அலங்காரம்தான் என்று நினைப்பவர்களுக்கு ஹாங்காங்கின் பழைய காய் டாக் விமான நிலையத்தைச் சொல்ல வேண்டும். நம்மைப் போல அடுக்குமாடியில் வாழ்கிறவர்களுக்கு இந்த இடத்தின் கதை இன்னும் நெருக்கமாகப் படும்.

காய் டாக்கின் ஓடுபாதை கடலுக்குள் நீண்டிருந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கௌலூன் பகுதியின் நெருக்கமான குடியிருப்புகள், அவற்றுக்குப் பின்னால் மலைகள். மலை குறுக்கே இருப்பதால் விமானம் நேராக வந்து இறங்க முடியாது. ஒரு குன்றின் சரிவில் சதுரங்கப் பலகைபோல ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டு வண்ணம் பூசியிருந்தார்கள். விமானி கருவி காட்டும் வழியில் அந்தக் குன்றை நோக்கியே வருவார். கட்டங்கள் நெருங்கியதும் கருவியை விட்டுவிட்டுக் கண்ணை நம்பி வலது பக்கமாக 47 டிகிரி திரும்ப வேண்டும். திரும்பி முடிக்கும்போது விமானம் குடியிருப்புகளின் மொட்டைமாடிகளுக்குச் சற்று மேலே இருக்கும். கீழே கொடிகளில் துணி காயும், தெருவில் போகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஜம்போ விமானங்கள் உட்பட எல்லாம் இப்படித்தான் வந்து இறங்கின. 1998 ஜூலை 6ஆம் தேதி காய் டாக் மூடப்பட்டது. விமானங்கள் செக் லாப் கோக் தீவில் கட்டிய புதிய நிலையத்துக்குப் போய்விட்டன. பழைய ஓடுபாதையின் முனையில் இப்போது சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் இருக்கிறது.

ஆனால் சிமுலேட்டர் பிரியர்களுக்குக் காய் டாக் மூடப்படவில்லை. தனிநபர்களும் சிறு கம்பெனிகளும் ஒவ்வொரு பதிப்புக்கும் அதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அதில் ஓடுபாதையைச் செய்வது சுலபமான பகுதி. குன்றும் அதன் கட்டங்களும் கௌலூன் கட்டடங்களும் சரியான இடத்தில், சரியான உயரத்தில் நின்றால்தான் அந்தத் திருப்பத்துக்குப் பொருள் உண்டு. குடியிருப்புகளை எடுத்துவிட்டுப் பாருங்கள், அது தண்ணீர் ஓரத்தில் ஒரு சாதாரண ஓடுபாதை. ஆக, பழைய புகைப்படங்களை வைத்து, இடிக்கப்பட்ட கட்டடங்களின் மாடிகளை எண்ணி உட்கார்ந்திருந்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கட்டடங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு விமானச் சத்தம் எத்தனை ஆண்டுத் தொல்லை என்பதை எந்தச் சிமுலேட்டரும் காட்டாது. சத்தம் எப்போதும் விமானிக்குக் கேட்கிறபடிதான் அதில் வரும்.

அழிக்கப்பட்டவை

நகரத்தில் கட்டடம் சேர்வது போலவே போவதும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தபோது 'ஃப்ளைட் சிமுலேட்டர் 2002' வெளியீட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை அதிலிருந்து எடுத்துவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அக்டோபரில் வெளிவந்த பதிப்பில் கோபுரங்கள் இல்லை. அந்த நேரத்தில் வேறெதுவும் செய்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. பழைய பதிப்புகளின் டிஸ்க்குகள் வீட்டு அலமாரிகளில் அப்படியே இருந்தன, அவற்றில் கோபுரங்களும் இருந்தன.

மெய்க்ஸுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி அந்த இடத்தைப் பூங்காவாக்க நெடுநாளாக விரும்பினார். எதிர்ப்பு இருந்தது, பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. 2003 மார்ச் 30ஆம் தேதி இரவு, முன்னறிவிப்பு இல்லாமல் புல்டோசர்கள் வந்தன. விடிவதற்குள் ஓடுபாதை நெடுக பெரிய பெரிய எக்ஸ் குறிகளாகத் தோண்டிவிட்டார்கள். அங்கே நின்றிருந்த 16 விமானங்கள் சிக்கிக்கொண்டன. பிறகு பக்கவாட்டுப் பாதையிலிருந்து அவற்றைக் கிளம்ப அனுமதித்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்தோம் என்றார் மேயர். உரிய அறிவிப்பு கொடுக்காததற்காக விமானப் போக்குவரத்து நிர்வாகம் மாநகரத்துக்கு 33,000 டாலர் அபராதம் விதித்தது. ஓடுபாதை திரும்பி வரவில்லை.

அதே 2003இல், சில மாதங்கள் கழித்து வெளிவந்த பதிப்பில் மெய்க்ஸ் பத்திரமாக இருந்தது. நிஜத்தில் தோண்டிப் போட்ட ஓடுபாதையில் திரையில் விமானங்கள் ஏறிக்கொண்டிருந்தன. 2006 பதிப்பில்தான் அது நீக்கப்பட்டது. 2022 நவம்பரில், விளையாட்டின் 40ஆம் ஆண்டு நிறைவுப் பதிப்பில், பழைய நினைவுக்காக மைக்ரோசாஃப்டே மெய்க்ஸை மறுபடி செய்து சேர்த்தது. இப்போது சிகாகோவில் அந்த இடத்தில் புல்வெளி, நடைபாதை, பறவைகள். ஒரு மேயர் ஒரே இரவில் அழித்ததை வரைந்து வைத்திருந்தவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள், விளையாட்டுக்குள் மட்டும்.

150 கோடிக் கட்டடங்கள்

2009இல் மைக்ரோசாஃப்ட் தன் சிமுலேட்டர் பிரிவையே மூடிவிட்டது. பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2020இல் வந்த பதிப்பைப் பிரான்சின் போர்டோ நகரிலுள்ள அசோபோ ஸ்டுடியோ உருவாக்கியது. இது பழைய முறையைத் தலைகீழாக்கியது. உலகத்தை டிஸ்க்கில் கொடுக்காமல், மைக்ரோசாஃப்டின் பிங் வரைபடத்திலிருந்து செயற்கைக்கோள் படங்களும் வான்படங்களுமாக 2 பெட்டாபைட்டுக்கும் மேற்பட்ட தகவலை இணையம் வழியே தேவைக்கேற்ப அனுப்பியது. 2 பெட்டாபைட் என்றால் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டாயிரம். கடையில் பெட்டியாக வேண்டும் என்று அடம்பிடித்த ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு 10 டிவிடிகள் கொண்ட பெட்டி ஒன்றும் வந்தது. நம் தலைமுறை ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

நகரங்களை இரண்டு விதமாகக் கட்டினார்கள். சில நூறு நகரங்களுக்குப் போட்டோகிராமெட்ரி. விமானம் ஒன்று ஊருக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பறந்து, ஒவ்வொரு கட்டடத்தையும் பல கோணங்களில் படமெடுக்கும். படங்களை ஒப்பிட்டுக் கணினி முப்பரிமாண வடிவத்தைச் செதுக்கும். உங்கள் பால்கனி, மாடியில் வைத்த சோலார் தகடு வரை வந்துவிடும். கிட்டப் போனால் மரங்கள் உருகிய மெழுகுபோலவும், நிறுத்திய கார்கள் சாலையோடு ஒட்டிக்கொண்டும் தெரியும். ஆனாலும் அது நிஜமாகவே உங்கள் கட்டடம்.

மற்ற எல்லா ஊர்களுக்கும் ஊகம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலிருக்கும் பிளாக்ஷார்க் என்ற கம்பெனி, மேலிருந்து எடுத்த தட்டையான படத்தைப் பார்த்தே கட்டடத்தை ஊகிக்கக் கணினிக்குப் பயிற்சி கொடுத்தது. கூரையின் சுற்றளவு என்ன, ஓட்டுக் கூரையா தட்டைக் கூரையா, என்ன நிறம், எத்தனை தளம் இருக்கலாம் என்று கணித்து எழுப்பிவிடும். இப்படி எழுந்தவை சுமார் 150 கோடிக் கட்டடங்கள். தளங்களின் எண்ணிக்கை ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் இருந்தால் ஊகிக்கத் தேவையில்லை, அதையே எடுத்துக்கொள்ளும். மெல்போர்னின் 212 மாடி அப்படி வந்ததுதான்.

மெல்போர்ன் மட்டுமல்ல. லண்டனின் பக்கிங்ஹாம் அரண்மனை சாதாரண அலுவலகக் கட்டடம்போல எழுந்தது. மேலிருந்து பார்த்தால் பெரிய செவ்வகக் கூரை, அரச குடும்பம் குடியிருக்கிறது என்பது கூரையில் தெரியாதே. இதைப் பத்திரிகைகள் எழுதின, எல்லோரும் சிரித்தார்கள். 2021 பிப்ரவரியில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்குமென்றே தனித் திருத்தம் ஒன்று வந்தது. லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பர்மிங்காம், பிரிஸ்டல் ஆகியவை போட்டோகிராமெட்ரியில் எழுந்தன. ஆறு மாதத்துக்குள் திருத்தம் வர, திருத்தச் சொல்லிக் கேட்கும் குரல் உரக்க இருக்க வேண்டும். பக்கிங்ஹாமுக்கு அந்தக் குரல் இருந்தது.

நம் பக்கம்

இந்திய நகரங்களை இப்படிப் பல கோணங்களில் படமெடுக்க விமானம் பறக்கவிடுவது எளிதல்ல. பாதுகாப்பு அமைச்சகம் உட்படப் பல இடங்களில் அனுமதி வேண்டும். 2021 பிப்ரவரி 15இல் மத்திய அரசு புவியியல் தகவல்களுக்கான விதிகளைப் பெருமளவு தளர்த்தியது. ஆனால் கிடைமட்டமாக ஒரு மீட்டரை விட நுணுக்கமான தகவல்களை உருவாக்கும் உரிமையை இந்திய நிறுவனங்களுக்கே வைத்துக்கொண்டது. விமானத் தளங்களும் ராணுவப் பகுதிகளும் ஊருக்குள்ளேயே இருக்கும் நாட்டில் இந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. விளைவு, சிமுலேட்டரில் நம் ஊர்கள் பெரும்பாலும் கணினி ஊகித்தவை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்காது, வடாம் காயாது.

ஊகத்தைக் குறைக்க நம் கையில் இருப்பது அந்த ஓபன் ஸ்ட்ரீட் மேப்தான். அதன் உபயோகம் விளையாட்டோடு நிற்பதில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறிக்கும் இணைய வரைபடம் ஒன்று வந்தது நினைவிருக்கும். அதன் அடித்தளம் இதே ஓபன் ஸ்ட்ரீட் மேப். யாரோ முன்னதாக உட்கார்ந்து தெருக்களை வரைந்து வைத்திருந்ததால்தான் வெள்ளத்தின் நடுவில் அதன் மேல் குறியிட முடிந்தது.

நம் வளாகத்தை அதில் தேடினேன். மூன்று பிளாக்குகளின் வெளிக்கோடும் சரியாக வரையப்பட்டிருக்கிறது, யார் செய்தார்களோ நன்றி. பெயரும் இல்லை, தளங்களின் எண்ணிக்கையும் இல்லை. இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால் ஐந்து நிமிட வேலை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நாம் தரைத்தளத்தை விட்டுவிட்டு "நாலு மாடி" என்போம். அந்த வரைபடத்தில் தரைத்தளமும் ஒன்று, எனவே ஐந்து என்று போட வேண்டும். ஏ, பி பிளாக்குகளுக்கு அதில் குழப்பமில்லை. சி பிளாக்கில் கீழே ஸ்டில்ட் பார்க்கிங். ஸ்டில்ட் ஒரு தளமா இல்லையா என்பதைப் பராமரிப்புக் கட்டணம் நிர்ணயிக்கும்போதே மூன்று பொதுக்குழுக் கூட்டங்களில் பேசி முடிக்க முடியவில்லை. அது முடிவாகும் வரை சி பிளாக்கின் எண்ணை நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.